விதைநெல்லும் வெற்றிக் கிண்ணமும்



சுங்கை பெசார், செகிஞ்சான் வட்டாரத்தில் வாழ்வோருக்கு விதைநெல்லின் அருமையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. விளைந்ததை எல்லாம் ஆலைக்கு அனுப்பிவிட்டவன் அடுத்த பருவத்தில் அண்டை வீட்டானிடம் கையேந்தித்தான் நிற்க வேண்டும். வயலுக்குப் பொருந்தும் இந்த உண்மை விளையாட்டு அணிக்கும் பொருந்தும் என்பதையே இக்கட்டுரையில் சொல்ல விழைகிறேன். நம் நாட்டுக் காற்பந்து ஏன் உயர்ந்தது, ஏன் வீழ்ந்தது, எப்போதெல்லாம் மீண்டும் தலைநிமிர்ந்தது என்று வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரே வினாதான் வந்து நிற்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கண்டெடுத்தவர் யார்? அவனை வளர்த்தவர் யார்?

தமிழ்ப்பள்ளியில் புறப்பாட நடவடிக்கைகளைக் கவனித்து வரும் ஆசிரியன் என்ற முறையில் இவ்வினா என்னை நெடுநாள் உறுத்தி வந்துள்ளது. அதனால்தான் இந்த வரலாற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கடைசியில் வந்தவனுக்கு முதல் உரிமை

நம் கதைக்குள் நுழைவதற்கு முன் அமெரிக்காவை ஒரு முறை எட்டிப் பார்த்து வருவோம். அங்கே பேஸ்பால் ஆட்டத்தில் 1965ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு புதிய முறை நடப்புக்கு வந்தது. அதற்கு டிராஃப்ட் என்று பெயர். பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடும் இளைஞர்களைத் தொழில்முறைக் கழகங்கள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். சென்ற பருவத்தில் கடைசி நிலையில் வந்த அணிக்கு முதல் உரிமை; வெற்றி வாகை சூடிய அணிக்குக் கடைசி உரிமை என்பதே அன்றைய விதி. அதற்கு முன்பெல்லாம் பணம் படைத்த கழகங்கள் நல்ல பிள்ளைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போயின. தோற்றவன் தோற்றுக்கொண்டே இருந்தான். அந்த நிலையை மாற்றவே இந்த ஏற்பாடு.

இதன் விளைவை ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோஸ் அணியிடம் காணலாம். ஒரு பருவத்திற்கு 162 ஆட்டங்கள். அவ்வணி 2011இல் 106 ஆட்டங்களிலும், 2012இல் 107 ஆட்டங்களிலும், 2013இல் 111 ஆட்டங்களிலும் தோற்றது. அதன் பயனாக 2012, 2013, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முதல் உரிமை அதற்கே கிட்டியது. 2012இல் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த கார்லோஸ் கொரேயா என்னும் 17 வயது இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. 2017இல் அதே அணி உலகத் தொடர் வெற்றியாளராயிற்று. அந்தப் பருவத்தில் அவ்வணி எதிரணியின் சைகைகளை முறைகேடாகக் களவாடியது என்பது 2020இல் விசாரணையில் வெளிப்பட்டதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதிதான். எனினும், சரிந்த அணியொன்று இளையோரைக் கொண்டே மீண்டும் எழ முடியும் என்பதை உலகம் கண்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. அதே ஆஸ்ட்ரோஸ் 2013இல் முதலாவதாகத் தேர்ந்தெடுத்த மார்க் அப்பல் அவ்வணிக்காக ஒரு முதல்நிலை ஆட்டம்கூட ஆடவில்லை. 2022இல்தான், அதுவும் வேறோர் அணியில், அவருக்கு அந்த வாய்ப்பு அமைந்தது. 2014இல் முதலாவதாகத் தேர்ந்தெடுத்தவரோடு ஒப்பந்தமே ஏற்படவில்லை. ஆனால், 2017இல் அவ்வணியின் தூணாக விளங்கிய ஹோசே அல்டூவே அந்தத் தேர்வு முறையின் வழி வந்தவரே அல்லர். வெனிசுவேலா நாட்டில் நடந்த தேர்வு முகாமில், உருவம் மிகச் சிறியது என்று கூறி அவரைத் திருப்பி அனுப்பினார்கள். தந்தை கொடுத்த ஊக்கத்தால் மறுநாள் அவர் மீண்டும் அங்கே போய் நின்றார். 15,000 டாலருக்கு அவரை ஒப்பந்தம் செய்தார்கள். 2017இல் அமெரிக்க லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது அவரைத் தேடி வந்தது.

இன்னொருவர் மைக் பியாசா. 1988ஆம் ஆண்டுத் தேர்வில் 62ஆம் சுற்றில், 1,390ஆம் ஆளாக அவர் பெயர் எழுதப்பட்டது. அதுவும் தந்தையின் நண்பர் ஒருவரின் பரிந்துரையால்தான். அவர் 2016இல் புகழ்மாளிகையில் இடம் பெற்றார். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் பழமொழி. தெரிவது உண்மைதான், ஆனால், பார்ப்பவர் கண்ணுக்கு எல்லா முளையும் தெரிவதில்லை. அமெரிக்காவில் அந்தத் தேர்வு 2021 முதல் 20 சுற்றுகளாகச் சுருக்கப்பட்டுவிட்டது. இன்றிருந்தால் பியாசாவின் பெயர் எழுதப்பட்டிருக்கவே வழியில்லை.

கொரேயா பிறந்த போர்ட்டோ ரிக்கோ தீவின் கதையும் நமக்குப் பாடமாகும். 1990ஆம் ஆண்டு வாக்கில் அத்தீவும் இத்தேர்வு முறைக்குள் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் கழகங்களின் முகவர்கள் அங்குள்ள சிறுவர்களைத் தாங்களே தேடிப் பிடித்து வளர்த்தார்கள். வளர்த்தவருக்கே பயன் கிடைத்தது. புதிய முறையில், ஒருவர் வளர்த்த பிள்ளையை இன்னொருவர் கொண்டு போகலாம் என்றானது. தண்ணீர் ஊற்றுவோர் குறைந்தனர். தீவின் பேஸ்பால் தளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று பலர் வாதிடுகின்றனர். பழத்தைப் பறிப்பவன் ஒருவன், செடிக்கு நீர் ஊற்ற வேண்டியவன் ஒருவன் என்றால் செடி வாடும். இந்தக் கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

தோட்டத்துத் திடல் இருந்த காலம்

மலாயாக் காற்பந்தில் டிராஃப்ட் என்று ஒன்று இருந்ததில்லை. ஆயினும் இயல்பாகவே அமைந்த ஒரு தேர்வு முறை இருந்தது. மலாயாக் கிண்ணப் போட்டி 1921இல் தொடங்கிய நாள் முதல், ஆட்டக்காரர் தம் மாநிலத்திற்காக ஆடினார். சம்பளத்திற்கு ஆடவில்லை. பகலில் அலுவலகத்திலோ, துறைமுகத்திலோ, மின்சார வாரியத்திலோ, வங்கியிலோ வேலை, மாலையில் பந்து. மாநில அணிக்கு ஆள் வேண்டுமென்றால் அந்த மாநிலத்தின் மாவட்டங்களில்தான் தேட வேண்டும். வெளியிலிருந்து விலைக்கு வாங்க வழியில்லை. எனவே, மாவட்டத்துத் திடல்களுக்கு மதிப்பு இருந்தது.

அத்திடல்களில் தோட்டத்துத் திடலும் ஒன்று. கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்சுந்தை வட்டாரத்துத் தோட்டங்களை அறிந்த மூத்தோரைக் கேட்டுப் பாருங்கள். ஆபீசு, ஆலயம், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, லயன் வீடுகள், இவற்றோடு ஒரு திடல். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறும்வரை மரம் வெட்டி, பால் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, பிற்பகலில் ஓய்ந்த உடலோடு வந்த இளைஞர்கள் மாலை ஐந்து மணிக்குத் திடலில் கூடினார்கள். தோட்ட நிருவாகமே பந்தும் சட்டையும் வாங்கிக் கொடுத்த இடங்கள் உண்டு. கிராணி கோல் காவலராகவும், தண்டல் தற்காப்பு ஆட்டக்காரராகவும் நின்ற கதைகளை நான் கேட்டிருக்கிறேன். தொழிலாளர்களைத் தோட்டத்தை விட்டு வெளியே போகாமல் வைத்திருக்கவும் அது நிருவாகத்திற்கு உதவியது என்பதை மறைக்கத் தேவையில்லை. நோக்கம் எதுவாயினும், பள்ளிச் சிறுவன் திடலின் ஓரத்தில் நின்று பந்து பொறுக்கிப் போட்டான். ஆள் குறைந்த நாளில் அவனையும் உள்ளே அழைத்தார்கள். அவனுக்கு அதுவே பயிற்சிக் கூடம்.

தோட்டம் மட்டுமன்று. இரயில்வே குடியிருப்பு, துறைமுகக் குடியிருப்பு, பொதுப்பணித் துறைக் குடியிருப்பு ஆகிய இடங்களிலும் இதே நிலை இருந்தது. தமிழர்கள் கூட்டமாக வாழ்ந்த இடங்களில் எல்லாம் நடந்து போகும் தொலைவில் ஒரு திடல் இருந்தது என்பதே இதன் சாரம்.

இதன் விளைச்சல் என்ன? மெர்டேக்கா போட்டியில் மலாயா 1958, 1959 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 1960இல் தென்கொரியாவுடன் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டது. 1962இல் ஜகார்த்தாவிலும் 1974இல் டெஹ்ரானிலும் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் வெண்கலம் கிடைத்தது. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கிற்கு நம் அணி தகுதி பெற்று, அங்கே அமெரிக்காவை 3-0 என்று வென்றது. அந்த அணியின் தற்காப்பில் எம். சந்திரன் நின்றார். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கும் தகுதி பெற்றோம். அரசியல் காரணங்களால் நாடு அப்போட்டியைப் புறக்கணித்தது. அந்த நாளில் கோல் கம்பத்தைக் காத்தவர் போர்ட் கிள்ளானில் பிறந்த ஆர். ஆறுமுகம். ஸ்பைடர்மேன் என்று நாடே அவரை அழைத்தது. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் அவர் மறைந்தபோது மூவினத்தாரும் கண்ணீர் சிந்தினார்கள்.

அதே காலத்துச் சிலாங்கூர் அணியின் பெருமை மொக்தார் டஹாரி. அவர் முதலில் கவனத்திற்கு வந்தது பர்ன்லி கிண்ணம் என்னும் இளையோர் போட்டியில்தான். இளையோர் போட்டி என்ற வாயில் திறந்திருந்ததால் அவர் உள்ளே வந்தார். சந்திரனும் ஆறுமுகமும் மொக்தாரும் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் ஒரே சட்டை அணிந்து நின்ற அந்த அணிகளை நம் பெற்றோர் இன்றும் ஏக்கத்தோடு நினைப்பதில் வியப்பில்லை.

விதைநெல் குறைந்த கதை

அப்படியானால் வீழ்ச்சி எங்கே தொடங்கியது? பலரும் 1994ஐச் சுட்டுவார்கள். காற்பந்துச் சூதாட்டமும் கையூட்டும் வெளிப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணைக்கு உள்ளான காலம் அது. ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் ஒரே அடியில் காணாமற்போனார்கள். அது பெருங்கேடு என்பதில் ஐயமில்லை. ஆனால், நல்ல விளைநிலத்தில் ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த பருவம் ஈடு செய்யும். நம் நிலத்தில் அவ்வாறு நடக்கவில்லை. ஏனெனில், நிலமே அதற்கு முன்பிருந்து சுருங்கிக்கொண்டிருந்தது.

முதற்காரணம், தோட்டங்களின் மறைவு. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அதைத் தடுக்கவே துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பிறகு இரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். பின்னர் அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். நம் மக்கள் கிள்ளான், ஷா ஆலாம், ரவாங் என்று நகர்ப்புறம் நோக்கிப் பெயர்ந்தனர். நகரில் கிடைத்தது அடுக்குமாடி வீடு, திடல் கிடைக்கவில்லை. மலாயா விடுதலை பெற்ற 1957இல் தமிழ்ப்பள்ளிகள் 888. இன்று அவ்வெண்ணிக்கை 530ஐத் தாண்டவில்லை. பள்ளி மூடப்பட்டதையும் இடம் மாறியதையும் நாம் கணக்கில் வைத்திருக்கிறோம். பள்ளியை ஒட்டியிருந்த திடலை யாரும் கணக்கில் எழுதவில்லை.

இரண்டாவது காரணம், போட்டியின் அமைப்பு மாறியது. 1989இல் அரைத் தொழில்முறை லீக் வந்தது. 1994இல் முழுத் தொழில்முறையாயிற்று. ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் கிடைத்தது நல்லதே. உழைப்பவனுக்குக் கூலி வேண்டாமா? ஆனால், மாநிலங்கள் ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கலாம் என்ற நிலையும் உடன் வந்தது. உள்ளூர்ப் பிள்ளையை ஏழெட்டு ஆண்டுகள் வளர்ப்பதைவிட, அண்டை மாநிலத்தில் விளைந்தவனை அடுத்த பருவத்திற்கே வாங்கிவிடுவது எளிது. அமெரிக்க டிராஃப்ட் முறையில் தோற்றவனுக்கு முன்னுரிமை உண்டு. நம் நாட்டில் தோற்ற அணிக்கு அப்படி எந்தக் கைகொடுப்பும் இல்லை. செல்வம் உள்ள அணி மேலும் செழித்தது. இல்லாத அணி சம்பள பாக்கியில் மூழ்கியது.

நம் சிலாங்கூரையே எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற மாநிலம் இது; வேறெந்த மாநிலமும் அந்த எண்ணிக்கையை நெருங்கவில்லை. கே. தேவன் பயிற்றுநராக இருந்தபோது 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் சூப்பர் லீக் பட்டத்தை அடுத்தடுத்து வென்றது. கடைசியாக மலேசியக் கிண்ணம் வந்தது 2015இல். 2014 தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேலாக லீக் பட்டம் ஜொகூர் டாருல் தக்சிம் அணியின் கையிலேயே இருந்து வந்திருக்கிறது. அவர்களிடம் பணம் இருக்கிறது என்று முணுமுணுப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அவர்கள் விளையாட்டு வளாகமும் இளையோர் அணிகளும் கட்டி எழுப்பியதை நாம் பேசுவதில்லை.

மீண்டெழுந்த நாள்கள்

வீழ்ச்சி மட்டுமே நம் வரலாறு அன்று. 1996இல் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி தொடங்கப்பட்டது. 2007 ஆசியக் கிண்ணத்தை நாமே இணைந்து நடத்தியும், சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 என்று மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறினோம். அதே 2007இல் ஹரிமாவ் மூடா என்னும் இளையோர் அணி உருவாக்கப்பட்டது. சிறந்த இளைஞர்களை ஓரணியாக்கி, ஆண்டு முழுவதும் ஒன்றாகப் பயிற்றுவித்து, பெரியவர்களின் லீக்கிலேயே ஆட விட்டார்கள். 2009இல் அவ்வணி பிரிமியர் லீக் பட்டத்தை வென்றது. அதே ஆண்டு இறுதியில் லாவோசில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில், 20 ஆண்டுகளுக்குப் பின் மலேசியா தங்கம் வென்றது. 2010 டிசம்பரில் இந்தோனேசியாவை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 4-2 என்று வென்று, தென்கிழக்காசிய வெற்றியாளர் பட்டத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. இரு வெற்றிகளுக்கும் பயிற்றுநர் கே. ராஜகோபால்; ஒரு காலத்தில் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஓரத் தாக்குதல் ஆட்டக்காரராக ஓடியவர். 2010 அணியில் எஸ். குணாளனும் கே. குருசாமியும் இருந்தனர். அயல்நாட்டிலிருந்து குடியுரிமை பெற்றவர் என்று ஒருவரும் அவ்வணியில் இல்லை.

மூன்றே ஆண்டுகளில் 0-5 என்ற நிலையிலிருந்து வெற்றிக் கிண்ணம்! இதில் மாயம் ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு ஆட்டங்கள் கிடைத்தன, அவ்வளவுதான். பயிற்சி வேறு, ஆட்டம் வேறு. வாரம் தவறாமல் தன்னைவிடப் பெரியவனோடு மோதி ஆடியவனே வளர்கிறான்.

பிறகு என்ன நடந்தது? ஹரிமாவ் மூடா 2015இல் கலைக்கப்பட்டது. இளைஞர்கள் தத்தம் கழகங்களுக்குத் திரும்பி ஆடட்டும் என்பது அதன் நோக்கம். ஆனால், முதன்மை இடங்களில் அயல்நாட்டு ஆட்டக்காரர்கள் நின்றதால், பலர் மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் அமர்ந்து நாள்களைக் கழித்தனர். அதே 2015 செப்டம்பரில் நாட்டு அணி ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0-10 என்று தோற்றது. 2018 மார்ச்சில் உலகத் தரவரிசையில் 178ஆம் இடம். நம் வரலாற்றிலேயே மிகத் தாழ்ந்த நிலை. 1993இல் தரவரிசை தொடங்கிய புதிதில் நாம் 75ஆம் இடத்தில் இருந்தோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதற்கிடையே 2014இல் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் மாவட்டப் பயிற்சி மையங்கள், அவற்றின் உச்சியில் பகாங் மாநிலத்துக் கம்பாங்கில் மொக்தார் டஹாரி பெயரால் ஒரு கழகப் பள்ளி. அதில் பதின்மூன்று வயதிலேயே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்கள். 2018இல் ஆசிய 16 வயதுக்குட்பட்டோர் போட்டி நம் மண்ணிலேயே நடந்தது. முதலாட்டத்தில் தாஜிகிஸ்தானை 6-2 என்று வென்றும், தாய்லாந்திடமும் ஜப்பானிடமும் தோற்று, முதற்சுற்றோடு வெளியேறினோம். மக்களின் ஏமாற்றம் சொல்லில் அடங்காது. நட்ட மூன்றாம் மாதத்தில் தென்னையில் காய் பறிக்க நினைத்தோம்! ஆனால், அதே 2018இலும் பின்னர் 2022இலும் நம் 19 வயதுக்குட்பட்டோர் அணி தென்கிழக்காசியப் பட்டத்தை வென்றது. 2022 ஜூனில், ஏற்பாட்டு நாடாக அல்லாமல் தகுதிச் சுற்றில் வென்று ஆசியக் கிண்ணத்திற்குள் நுழைந்தோம். 1980க்குப் பிறகு அதுவே முதன்முறை. 2024 ஜனவரியில் கத்தாரில் தென்கொரியாவுடன் 3-3 என்று சமநிலை கண்ட அந்த இரவை யார் மறப்பர்?

குறுக்குவழியின் விலை

ஆனால், பொறுமை நம்மிடம் நிலைக்கவில்லை. 2018 முதல் அயல்நாட்டில் பிறந்தோர்க்குக் குடியுரிமை வழங்கி நாட்டு அணியில் சேர்க்கும் வழக்கம் வந்தது. சட்டப்படி வருவோரை நான் குறை கூறவில்லை. தென்கொரியாவிற்கு எதிராக மூன்றாவது கோலை அடித்தவர் கொலம்பியாவில் பிறந்த ரோமல் மோராலெஸ். அவரும் நம் சட்டைக்காகத்தான் வியர்வை சிந்தினார். பிரச்சினை அவர்களிடம் இல்லை. நாற்றங்காலை மறந்துவிட்டு விளைந்த கதிரை மட்டும் தேடும் மனப்பான்மையிடம் இருக்கிறது.

2025 ஜூன் 10ஆம் நாள் வியட்நாமை 4-0 என்று வென்றோம். நாடே துள்ளிக் குதித்தது. செப்டம்பர் 26ஆம் நாள் உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா தன் முடிவை வெளியிட்டது. ஏழு ஆட்டக்காரர்களின் பாட்டன் பாட்டியர் மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காட்டிய ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்று கூறி, அவ்வெழுவர்க்கும் 12 மாதத் தடையும் மலேசியக் காற்பந்துச் சங்கத்திற்கு அபராதமும் விதித்தது. மேல்முறையீடும் நவம்பரில் தள்ளுபடியாகி, வழக்கு அனைத்துலக விளையாட்டு நடுவர் மன்றம் வரை சென்றது. வெற்றியின் இனிப்பு நாக்கில் இருக்கும்போதே கசப்பு வந்து சேர்ந்தது. கடன் வாங்கிய நெல்லை நம் வயலில் விளைந்தது என்று காட்டினால், என்றேனும் ஒரு நாள் அளந்து பார்ப்பவன் வருவான்.

நம்மவர் எடுத்த ஒரு முயற்சி

இவ்விடத்தில் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியை நினைவுகூர்வது கடமை. மீஃபா என்ற பெயரில் அச்சங்கத்தின் அணி தேசிய லீக்கில் படிப்படியாக ஏறி, 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி, 2019இல் சூப்பர் லீக்கிற்கே சென்றது. 2021, 2022 ஆகிய பருவங்களில் அயல்நாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், முழுக்க உள்ளூர் இளைஞர்களைக் கொண்டே உயர்நிலை லீக்கில் ஆடியது. வேறு கழகங்களில் இருக்கையைச் சூடேற்றிக்கொண்டிருந்த பிள்ளைகள் இங்கே முழு ஆட்டமும் ஆடினார்கள். ஆனால், 2022ஆம் ஆண்டின் முடிவில் அவ்வணி லீக்கிலிருந்து விலகிவிட்டது. வளர்த்தவருக்குப் பயன் இல்லாத அமைப்பில் நல்லெண்ணம் மட்டும் எத்தனை ஆண்டுகள் தாங்கும்? போர்ட்டோ ரிக்கோவின் கதையை இங்கே மீண்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளிக்கு வருவோம்

ஆசிரியர்களே, பெற்றோர்களே! இதுவரை சொன்னது நாட்டின் கதை. இனி நம் கணக்கைப் பார்ப்போம்.

நம் வட்டாரத்தில் 60 மாணவர்களைக் கொண்ட ஒரு தமிழ்ப்பள்ளியை எண்ணிக்கொள்ளுங்கள். பாதிப் பேர் ஆண் பிள்ளைகள் என்றால் 30 பேர். ஆறு ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு ஐவர். நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளைச் சேர்த்தால் 15 பேர். அவர்களிலிருந்து பதினொருவர் அணியை அமைத்து, 800 மாணவர்கள் பயிலும் பள்ளியோடு மோதச் சொல்கிறோம். மாவட்டப் போட்டியில் ஒரு காலைப் பொழுதில் இரண்டோ மூன்றோ குறு ஆட்டங்கள்; தோற்றால் வீடு திரும்ப வேண்டியதுதான். ஓராண்டு முழுவதிலும் அந்தப் பிள்ளை ஆடிய போட்டி ஆட்டம் அவ்வளவே. அதற்குள் தேர்வாளர் அவனைக் கண்டுகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது, கண்ணை இமைக்கும் நேரத்தில் மின்மினியைப் பிடிக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். கோல சிலாங்கூர்க்காரர்களுக்கு மின்மினியைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா?

என்னிடம் பயின்ற ஒரு மாணவன் நினைவுக்கு வருகிறான். நவம்பர் இறுதியில் பிறந்தவன்; வகுப்பிலேயே உருவத்தில் சிறியவன். பந்து காலில் வந்தால் தலை நிமிர்ந்து பார்த்தே ஆடுவான். அவ்வயதில் அது அரிய குணம். தேர்வுக்கு அழைத்துச் சென்றேன். வரிசையில் நின்ற உயரமான பிள்ளைகளைப் பெயர் எழுதிக்கொண்டு இவனை அனுப்பிவிட்டார்கள். அவர்களில் சிலர் இவனைவிடப் பத்து மாதம் மூத்தவர்கள். பன்னிரண்டு வயதில் பத்து மாதம் என்பது சிறிய இடைவெளியன்று. வயதுப் பிரிவை ஜனவரி முதல் நாளில் வெட்டினால் ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தோரே மிகுதியாகத் தேர்வாகின்றனர் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த மாணவன் இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் பந்தைத் தொடவே இல்லை. அவனுக்கு அல்டூவேயின் தந்தையைப் போல் மறுநாளும் போய் நில் என்று சொல்ல ஆள் இல்லை.

தேர்வு நிகழும் வயதையும் கவனியுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று. நம் பிள்ளை தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் அதே வேளை. ஆறாண்டு அவனை அறிந்த ஆசிரியர் இங்கே நின்றுவிடுகிறார். அங்கே உள்ள ஆசிரியருக்கு அவன் புதியவன். நாற்றைப் பறித்து நடும்போது வேர் அறுந்து போகும் இடம் இதுதான்.

இதற்குப் பெரும்பணம் தேவையில்லாத சில வழிகள் உண்டு என்று நம்புகிறேன்.

முதலாவது, சிறிய பள்ளிக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை என்பதையே நன்மையாக்குவோம். 15 பேர்தான் என்றால் 15 பேருக்கும் பயிற்சி கொடுப்போம். யாரையும் ஒதுக்காத பள்ளியில்தான் பியாசாக்கள் தப்பிப் பிழைப்பார்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கை இரட்டிப்பாகும்.

இரண்டாவது, அருகருகே உள்ள நான்கைந்து பள்ளிகள் கூடி, எழுவர் கொண்ட அணிகளாக மாதம் இருமுறை ஆடட்டும். கிண்ணம் வேண்டாம், பதாகை வேண்டாம், பிரமுகர் உரை வேண்டாம். ஓராண்டில் இருபது ஆட்டங்கள் கிடைத்தால் அதுவே போதும். ஹரிமாவ் மூடா நமக்குக் கற்பித்த பாடம் அதுதான்.

மூன்றாவது, ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் பிள்ளையைப் பற்றி ஒரு பக்கக் கடிதம் எழுதி, இடைநிலைப்பள்ளியின் விளையாட்டு ஆசிரியரிடம் நாமே கொடுப்போம். பிறந்த மாதம், ஆடிய இடம், அவனிடம் கண்ட குணம் ஆகியவற்றை அதில் எழுதுவோம். பெற்றோரின் தொலைபேசி எண்ணை அவர்கள் ஒப்புதலோடு சேர்ப்போம்.

நான்காவது பெற்றோர்க்கு உரியது. மாலை டியூசன் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வாரத்தில் இரண்டு மாலைகளை மட்டும் திடலுக்கு ஒதுக்குங்கள். முடிந்தால் நீங்களும் வந்து ஓரத்தில் நில்லுங்கள். தோட்டத்தில் அன்று அப்பாவும் மாமாவும் ஆடியதைப் பார்த்துத்தான் பிள்ளை பந்தைத் தொட்டான். தோட்டம் போயிற்று, பார்த்து வளரும் வழக்கமுமா போக வேண்டும்?

நம் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் எல்லாரும் நாட்டு அணிக்குப் போய்விட மாட்டார்கள். ஒருவரும் போகாமலும் இருக்கலாம். ஆனால், கண்டெடுக்க ஆளில்லாமல் ஒரு பிள்ளை பின்தங்கினான் என்ற நிலை மட்டும் நம் கண்முன் நேரக் கூடாது. அரசும் சங்கங்களும் செய்ய வேண்டியதை அவை செய்யட்டும். விதைநெல் இருப்பது நம் குதிரில். அதைக் காப்பது நம் பொறுப்பு.

அடுத்த பள்ளிப் பருவம் தொடங்குவதற்குள், அண்டைப் பள்ளி ஆசிரியரை ஒரு முறை அழைத்துப் பேசுங்கள். நானும் பேசத் தொடங்கியிருக்கிறேன்.